பத்து கிலோமீட்டருக்குள் ஒரு குரல்

கோலாலம்பூருக்கும் ஜொகூர் பாருவுக்கும் இடையே பேருந்தில் போய்வந்தவர்களுக்கு யோங் பெங் என்றால் சாப்பாட்டுக்கு நிற்கும் ஊர். வண்டி நெடுஞ்சாலையை விட்டு இறங்கும். பயணிகள் ஒரு மீ கோரெங்கையோ ஒரு தே தாரிக்கையோ அவசரமாக முடிப்பார்கள். வண்டி மறுபடி ஏறிவிடும். பத்து பகாட் மாவட்டத்தில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் இந்தச் சிற்றூரின் பிழைப்பில் ஒரு பகுதி இப்படி வந்துபோகிறவர்களை நம்பியது. கோவிட் தொற்றைத் தடுக்க 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்ததும் வருகிறவரும் இல்லை, போகிறவரும் இல்லை என்றாகிவிட்டது.

வீட்டுக்கு ஒருவர் மட்டும் கடைக்குப் போகலாம். அதுவும் பத்து கிலோமீட்டருக்குள். மாநில எல்லையைத் தாண்டக் காவல் நிலைய அனுமதிக் கடிதம் வேண்டும். மீறினால் 1,000 ரிங்கிட் அபராதம். விதிகள் கடுமை என்று முணுமுணுத்தவர்களும் அவற்றின் தேவையை மறுக்கவில்லை. பிப்ரவரி இறுதியில் கோலாலம்பூர் ஸ்ரீ பெட்டாலிங் பள்ளிவாசலில் சுமார் 16,000 பேர் கூடிய சமயக் கூட்டத்திலிருந்து கிருமி நாடெங்கும் போனதை எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

ஆனால் இந்த விதிகள் ஒன்றுசேர்ந்தபோது இன்னொரு காரியமும் நடந்தது. அதை அப்போது அதிகம் பேர் பேசவில்லை. அரசு பிடிக்கவில்லை என்றால் தலைநகருக்குப் போய் நின்று காட்டுவது மலேசியர்களுக்குப் பழகிய வழி. தூய்மையான தேர்தல் கேட்ட பெர்சே பேரணிகளுக்கு வெளியூர்க்காரர்கள் பேருந்து பிடித்துப் போனார்கள். யோங் பெங்கிலிருந்து தலைநகரின் டத்தாரான் மெர்டேக்கா சதுக்கம் இருநூறு கிலோமீட்டருக்கு மேல். பத்து கிலோமீட்டர் மட்டுமே அனுமதிக்கப்பட்டவர் அங்கே போய் நிற்கச் சட்டப்படி வழியே கிடையாது. வீதி மூடியாகிவிட்டது, எஞ்சியது கைப்பேசித் திரை.

திரையிலோ 233-ஆம் பிரிவு காத்திருந்தது.

1998-ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தில் உள்ள பிரிவு அது. இணையத்தில் ஒருவரை எரிச்சலூட்டும் நோக்கத்தோடு புண்படுத்தும்படியான ஒன்றைப் பதிவிட்டால் குற்றம். அப்போது 50,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது ஓராண்டு வரை சிறை அல்லது இரண்டும். எது புண்படுத்துவது, யாருக்கு எரிச்சல் வந்தால் கணக்கில் சேரும் என்ற கேள்விகளுக்குச் சட்டத்தில் தெளிவான விடை இருக்கவில்லை. காப்பிக் கடையில் சொன்னால் சிரித்துவிட்டுப் போகிற ஒரு வாக்கியம், அதையே முகநூலில் எழுதினால் வழக்காகலாம். காப்பிக் கடைகளில் உட்காரவும் தடை விதிக்கப்பட்டிருந்த காலம் அது என்பதைச் சேர்த்துப் பார்த்தால்தான் இதன் கனம் தெரியும்.

‘வெளியே போகாதே, கூடாதே, பேசாதே’ என்ற கட்டளைகள் இந்த வட்டாரத்துக்குப் புதியவை அல்ல. 1948 ஜூனில் பிரிட்டிஷ் ஆட்சி மலாயா முழுவதும் அவசரகாலத்தை அறிவித்தபோது, ஜொகூரின் இந்தக் காட்டோரப் பகுதிகள் கம்யூனிஸ்டுப் போராளிகளின் நடமாட்டத்துக்குப் பேர்போனவை. 1950-இல் பிரிக்ஸ் திட்டம் வந்தது. காட்டோரம் பயிர்செய்து வாழ்ந்த சுமார் ஐந்து லட்சம் பேர், பெரும்பாலும் சீனர்கள், முள்கம்பி சூழ்ந்த புதுக்கிராமங்களுக்குள் குடியேற்றப்பட்டார்கள். யோங் பெங்கிலும் அப்படிப் புதுக்கிராமம் எழுந்தது. தோட்டத் தமிழர்களும் தப்பவில்லை: சிதறிக் கிடந்த லயங்களை ஓரிடத்தில் குவித்து வேலி போட்டார்கள். அரிசிக்கு அளவு, இருட்டினால் ஊரடங்கு, வாயிலில் சோதனை.

அதே 1948-இல்தான் தேச நிந்தனைச் சட்டமும் பிறந்தது. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி, துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். இந்தியாவிலிருந்து வந்த வேண்டுகோள்கள் எடுபடவில்லை. முள்கம்பிகள் பிற்காலத்தில் அகற்றப்பட்டன. தேச நிந்தனைச் சட்டம் மட்டும் விடுதலைக்குப் பிறகும் சட்டப் புத்தகத்திலேயே இருந்தது. 2021-இல் காவல்துறை அதைத் திரும்பத் திரும்பக் கையில் எடுக்கப்போகிறது.

நாட்டின் முதல் கடுமையாக்கப்பட்ட நடமாட்டக் கட்டுப்பாடு வந்ததும் யோங் பெங்கின் அண்டை வட்டாரத்தில்தான். தெற்கே சிம்பாங் ரெங்கத்தில் கம்போங் டத்தோ இப்ராஹிம் மாஜிட்டும் அதை ஒட்டிய குடியிருப்பும் 2020 மார்ச் 27 அன்று மூடப்பட்டன. 3,570 பேர் வாசலைத் தாண்டவில்லை. அரசே உணவு கொண்டுபோய்க் கொடுத்தது. அங்கே கலகம் எதுவும் நடக்கவில்லை. காரணம் சொல்லப்பட்டது, சோறு வந்தது, தேதி குறிக்கப்பட்டது. இந்த மூன்றும் இருக்கிறவரை மக்கள் அடைபட்டிருக்கத் தயாராகவே இருந்தார்கள் என்பதை அடுத்த பதினெட்டு மாதங்களை அலசுகிறவர்கள் மறக்கக் கூடாது.

முதல் வாரங்களில் கிண்டல் செய்யக்கூட இடமிருந்தது. வெதுவெதுப்பான தண்ணீர் குடித்தால் கிருமி வயிற்றுக்குள் இறங்கிச் செத்துவிடும் என்று தொலைக்காட்சியில் சொன்ன சுகாதார அமைச்சர் அடாம் பாபாவை நாடே கேலி செய்தது. மனைவிமார் கணவரிடம் டோராமோன் குரலில் கொஞ்சிப் பேச வேண்டும், வீட்டில் இருந்தாலும் ஒப்பனை செய்துகொள்ள வேண்டும் என்று மகளிர் மேம்பாட்டு அமைச்சு படம் போட்டு அறிவுரை சொன்னது. பெண்கள் கொதித்ததும் அமைச்சு படங்களை நீக்கி மன்னிப்பு கேட்டது. அமைச்சரைக் கேலி செய்வது வேறு, அமைச்சு மறைக்க விரும்புவதைச் சொல்வது வேறு என்பது மே மாதத்தில் தெரிந்துபோனது.

பரிசோதனைக்கு வருகிற ஆவணமற்ற குடியேறிகளைப் பிடிக்க மாட்டோம் என்று தற்காப்பு அமைச்சர் இஸ்மாயில் சப்ரி யாக்கோப் மார்ச்சில் உறுதி சொல்லியிருந்தார். 2020 மே 1 அன்று, தமிழர்கள் நன்கறிந்த மஸ்ஜிட் இந்தியா வட்டாரத்தின் அடுக்குமாடிகளில் குடிநுழைவுத் துறை புகுந்து நூற்றுக்கணக்கானோரை லாரிகளில் ஏற்றிக்கொண்டு போனது. அதைச் செய்தியாக்கிய ‘சவுத் சைனா மார்னிங் போஸ்ட்’ நிருபர் டாஷ்னி சுகுமாரனைப் புக்கிட் அமான் காவல் தலைமையகம் விசாரணைக்கு அழைத்தது. மூன்றே வாரத்தில், புக்கிட் ஜாலில் தடுப்பு முகாமில் தொற்றுத் திரள் வெடித்தது. குடியேறிகளை அள்ளி அடைத்தால் நோய் பெருகும் என்று எச்சரித்தவர்கள் அப்போது சும்மா சொல்லவில்லை.

ஜூலையில் அல் ஜசீரா இதே விவகாரத்தை ஆவணப்படமாக ஒளிபரப்பியது. படத்தில் பேசிய 25 வயது வங்கதேச இளைஞர் தேடப்பட்டுக் கைதானார். ஆகஸ்டில் நாடு கடத்தப்பட்டார். நிறுவனத்தின் கோலாலம்பூர் அலுவலகம் சோதனையிடப்பட்டது. அகதிகளுக்காக உழைத்துவந்த ஹெய்டி குவா, தடுப்பு முகாமில் கைக்குழந்தைகளோடு இருந்த பெண்களின் நிலையை 2020 ஜூனில் முகநூலில் எழுதினார். ஓராண்டு கழித்து 233-ஆம் பிரிவு அவரைத் தேடி வந்தது.

இவையெல்லாம் தலைப்புச் செய்திகள். ஈப்போவில் நடந்தது அவ்வளவு பெரிய செய்தியாகவில்லை. ஆனால் தமிழ் வாசகர் நின்று பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

2020 ஜூன் 2. ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை வாசலில் துப்புரவுத் தொழிலாளர்கள் பதாகைகளோடு நின்றார்கள். அரசு மருத்துவமனைகளின் துப்புரவுப் பணி 1990-களிலேயே தனியாருக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது. ஒப்பந்தம் கைமாறும்; தொழிலாளி அதே வார்டில் அதே துடைப்பத்தோடு இருப்பார்; சேவைக்காலம் மட்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அந்த வரிசையில் இந்தியப் பெண்கள் நிறையவே இருப்பார்கள் என்பது எந்த மருத்துவமனைக்குப் போனவருக்கும் தெரியும். நகரங்களில் குறைந்தபட்ச ஊதியம் 1,200 ரிங்கிட்டாக இருந்த காலம். நோயாளிகள் இருந்த வார்டுகளைத் துடைத்தவர்கள் இவர்கள். தொழிற்சங்கத்தில் சேர்ந்தவர்களைக் குத்தகை நிறுவனம் குறிவைக்கிறது, போதிய பாதுகாப்பு உபகரணம் இல்லை என்பது சங்கத்தின் குற்றச்சாட்டு. ‘முன்களப் பணியாளர்’ என்று நாடே கைதட்டிய பட்டியலில் மருத்துவரும் தாதியும் இருந்தார்கள். துடைப்பம் பிடித்தவர்களை அதில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

காவல்துறை வந்தது. மலேசிய சோசலிசக் கட்சியின் மூத்த தலைவர்களில் ஒருவரான எம். சரஸ்வதி உட்பட ஐந்து பேரைக் கைது செய்தது. இரவு காவலில் கழிந்தது; மறுநாள் நீதிமன்றம். அரசு ஊழியரின் பணிக்கு இடையூறு செய்தது ஒரு குற்றச்சாட்டு, தொற்றுநோய்த் தடுப்பு விதிகளை மீறிக் கூடியது இன்னொன்று. கிருமி இருக்கிற வார்டுக்குள் ஒன்றாக வேலைக்குப் போகலாம். அந்த வார்டின் வாசலில் ஒன்றாக நின்று கையுறை கேட்டால் அது சட்டவிரோதக் கூட்டம். இதை எந்தச் சட்ட வல்லுநரிடம் கேட்டாலும் விதியின் எண்ணைச் சொல்லி விளக்கிவிடுவார். வார்டு துடைக்கும் அம்மாவிடம் அதே விளக்கத்தைச் சொல்லிப் பார்க்கலாம்.

கேட்காமல் விட்ட குரலுக்கு என்ன விலை என்பதற்குக் கையுறைத் தொழிற்சாலையே சாட்சி. உலகின் மிகப்பெரிய ரப்பர் கையுறை உற்பத்தி நிறுவனமான டாப் குளோவில், காய்ச்சல் சோதனைக்காகத் தொழிலாளர்கள் ஒருவரோடு ஒருவர் ஒட்டி நின்ற கூட்டத்தை ஒரு நேப்பாளத் தொழிலாளி 2020 மே மாதம் கைப்பேசியில் படமெடுத்தார். படம் வெளியே போனது. கண்காணிப்புக் கேமரா வழியே அவரை அடையாளம் கண்ட நிறுவனம் செப்டம்பரில் வேலையை விட்டு அனுப்பியது. நவம்பரில் கிள்ளானில் அந்நிறுவனத்தின் தொழிலாளர்களிடையே தெராத்தாய் தொற்றுத் திரள் வெடித்து 5,000-க்கும் மேற்பட்டோரைத் தொற்றியது. அந்தப் படத்தை மே மாதமே யாராவது எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டிருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்ற நம்பிக்கை உடைந்ததும் இதே காலத்தில்தான். தமிழ்நாட்டின் சிவகங்கையிலிருந்து திரும்பிய கெடா உணவகக்காரர் ஒருவர் வீட்டுத் தனிமையை மீறிக் கடைக்குப் போனார். அவரால் உருவான தொற்றுத் திரளுக்கு ‘சிவகங்கா’ என்றே பெயர் வைத்தார்கள். 2020 ஆகஸ்டில் அவருக்கு ஐந்து மாதச் சிறையும் 12,000 ரிங்கிட் அபராதமும் விதிக்கப்பட்டன. அதே மாதம் தெரியவந்தது, துருக்கிக்குப் போய்வந்த தோட்டத் தொழில், மூலப்பொருள் அமைச்சர் கைருடின் அமான் ரசாலி தனிமைப்படுத்திக்கொள்ளவே இல்லை என்று. அவருக்கு 1,000 ரிங்கிட் அபராதம். அவர் நான்கு மாதச் சம்பளத்தை நன்கொடையாகக் கொடுத்தார், பதவி போகவில்லை. சமூக ஊடகங்களில் எழுந்த கோபத்தின் பெரும்பகுதி இந்தக் கணக்கைப் பற்றியதே. கிருமியை நம்பாதவர்கள் மலேசியாவில் குறைவு. அபராதச் சீட்டை நம்பாதவர்கள் கூடிக்கொண்டே போனார்கள்.

2021 ஜனவரி 12-ஆம் தேதி நாடு தழுவிய அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. நாடாளுமன்றமும் மாநிலச் சட்டமன்றங்களும் கூடாது என்று ஆனது. பிரதமர் முஹிடின் யாசின் 2020 மார்ச் 1 அன்று தேர்தல் இல்லாமல், கட்சி மாறல்களின் வழியே பதவிக்கு வந்தவர். அவருடைய பெரும்பான்மை எப்போதுமே சந்தேகத்தில் இருந்தது. நோய்க்கு அவசரகாலமா, பெரும்பான்மைக்கு அவசரகாலமா என்று கேட்டவர்கள் எதிர்க்கட்சியில் மட்டும் இருக்கவில்லை.

யோங் பெங் வாக்காளரின் நிலையை எண்ணிப் பாருங்கள். வடக்கே பாகோ, பிரதமரின் சொந்தத் தொகுதி. யோங் பெங் அடங்கிய ஆயர் ஹீத்தாம் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் வீ கா சியோங் அப்போது போக்குவரத்து அமைச்சர். யோங் பெங் சட்டமன்றத் தொகுதியோ எதிர்க்கட்சியான ஜனநாயகச் செயல் கட்சியிடம். ஆக ஆளும் தரப்பும் எதிர்த்தரப்பும் இரண்டுமே இந்த ஊருக்காகப் பேச ஆளை வைத்திருந்தன. பேசுவதற்கான இரண்டு மன்றங்களும் பூட்டிக் கிடந்தன.

மார்ச் 12-இல் இன்னொரு பூட்டு. நாடாளுமன்றத்தைக் கேட்காமல், அவசரகால ஆணையின் வழியே, பொய்ச் செய்திச் சட்டம் திரும்பி வந்தது. கோவிட் பற்றியோ அவசரகாலப் பிரகடனம் பற்றியோ முழுக்கவோ ஓரளவோ பொய்யான செய்தியைப் பரப்பினால் 100,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை. 2018-இல் கொண்டுவந்த பொய்ச் செய்தி எதிர்ப்புச் சட்டத்தை 2019 டிசம்பரில்தான் நாடாளுமன்றம் ரத்து செய்திருந்தது. தடுப்பூசி பற்றிய புரளிகள் உண்மையிலேயே உயிரைக் குடித்த காலம் அது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அவசரகாலத்தைப் பற்றிய பேச்சு எந்தக் கிருமியைப் பரப்பும் என்பதை எந்த மருத்துவரும் விளக்கவில்லை.

ஒரு மாதம் கழிந்தது. அரண்மனைச் சமையல்காரர்கள் தடுப்பூசி போட்டுக்கொண்டாயிற்றா என்று ஒருவர் இன்ஸ்டகிராமில் கேட்க, பேரரசியாரின் கணக்கிலிருந்து “பொறாமையா?” என்ற பொருளில் இரண்டே சொல்லில் பதில் வந்தது. ஓவியர் பாஹ்மி ரெசா, பொறாமையைப் பற்றிய பாட்டுகளை மட்டும் தொகுத்து ஸ்பாட்டிஃபையில் ஏற்றினார். ஏப்ரல் 23 அன்று கைதானார். சட்டம்: தேச நிந்தனைச் சட்டம், 1948. பாட்டுப் பட்டியல் போட்டதற்காக ஓர் இரவு லாக்கப் என்பது அந்தச் சட்டத்தை எழுதிய வெள்ளைக்காரனுக்கே தோன்றியிருக்காது.

காவல் நிலையக் கொடுமை பற்றிய பேச்சுக்கும் இதே கதி. கோம்பாக் காவல் நிலையத்தில் தடுத்து வைக்கப்பட்டிருந்த 40 வயதுத் தமிழ்ப் பால் வியாபாரி 2021 ஏப்ரல் 18 அன்று மருத்துவமனையில் இறந்தார். அவர் தாக்கப்பட்டதாகக் குடும்பத்தார் குற்றம் சாட்டினார்கள். தடுப்புக்காவலில் சிறுவர் துன்புறுத்தப்பட்டதாகச் சொல்லும் ஒரு குறும்படத்துக்காக ஜூலை 2 அன்று ஃப்ரீடம் ஃபிலிம் நெட்வொர்க் அலுவலகத்திலும் அதற்குப் படம் வரைந்த கலைஞரின் வீட்டிலும் காவல்துறை சோதனை நடத்தியது.

ஜூன் 1-இல் முழு முடக்கம். வேலை போனவர்கள், நாட்கூலிகள், கடை திறக்க முடியாதவர்கள் கையில் காசில்லை. ஜூன் இறுதியில் யாரோ தொடங்கிய ஒரு யோசனை நாடெங்கும் பற்றிக்கொண்டது: வீட்டில் அரிசி தீர்ந்துவிட்டால் வாசலில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டு, கெஞ்ச வேண்டாம், பார்க்கிறவர் கொண்டுவந்து கொடுப்பார். ‘பெண்டேரா பூத்தே’, வெள்ளைக் கொடி. அக்கம்பக்கத்தார் அரிசி, எண்ணெய், முட்டை கொண்டுவந்தார்கள். மளிகைக் கடைகள் தங்கள் வாசலில் பொட்டலம் அடுக்கின.

இதைச் சிலர் வெறும் தர்மம் என்றே பார்த்தார்கள். கெடா மந்திரி பெசார் முகமட் சனுசி அப்படிப் பார்க்கவில்லை. இது அரசுக்கு எதிரான பிரசாரம் என்றார். வெள்ளைக் கொடி காட்டாதீர்கள், இறைவனிடம் கையேந்துங்கள் என்றார் பாஸ் கட்சியின் ஒரு நாடாளுமன்ற உறுப்பினர். இவர்களுக்கு வந்த கோபத்தில் ஒரு சரியான ஊகம் இருந்தது. வெள்ளைக் கொடி ஒரு புள்ளிவிவரம். எந்தத் தெருவில் எத்தனை வீட்டில் உலை கொதிக்கவில்லை என்பதை அரசின் உதவித்தொகைக் கணக்கைக் கேட்காமலே எவரும் எண்ணிக்கொள்ளலாம். அதில் ஒரு சொல்லும் இல்லை, ஆகவே 233 கிடையாது. சொந்த வீட்டு வாசல், ஆகவே பத்து கிலோமீட்டர் விதியும் கிடையாது. கூட்டம் இல்லை. தலைநகருக்குப் போக முடியாத அத்தனை யோங் பெங்குகளுக்கும் கிடைத்த முதல் பொது மேடை அவரவர் கேட்டுக் கம்பிதான்.

ஜூலையில் அந்தத் துணி நிறம் மாறியது. முஹிடின் பதவி விலக வேண்டும், நாடாளுமன்றம் கூட வேண்டும், அவசரகாலம் முடிய வேண்டும் என்ற மூன்று கோரிக்கைகளோடு ‘பெண்டேரா ஹீத்தாம்’, கறுப்புக் கொடி. காவல்துறை உடனே விசாரணையைத் தொடங்கியது. தேச நிந்தனைச் சட்டம், தண்டனைச் சட்டம், 233 மூன்றும் பட்டியலில். வெள்ளைத் துணிக்குக் கிடைத்த சலுகை கறுப்புத் துணிக்குக் கிடைக்கவில்லை.

ஜூலை 13 அன்று தினசரித் தொற்று முதன்முறையாக 10,000-ஐத் தாண்டியது. மாத இறுதியில் வந்த ஒரு வாரத்தை மலேசிய அரசியலைப் படிக்கிறவர்கள் நாள்வாரியாகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். 26-ஆம் தேதி திங்கட்கிழமை காலை 11 மணிக்கு அரசு மருத்துவமனைகளின் ஒப்பந்த மருத்துவர்கள் கறுப்பு உடையில் வேலையை விட்டு வெளியே வந்தார்கள். 2016 முதல் நிரந்தர வேலைக்குப் பதில் ஒப்பந்தம் கொடுக்கும் முறை வந்திருந்தது. 23,000-க்கும் மேற்பட்ட மருத்துவர்கள் அதில் சிக்கியிருந்தார்கள். ஒரே வார்டில் ஒரே இரவுப் பணி, ஆனால் மேற்படிப்பு விடுப்பு ஒருவருக்கு உண்டு, மற்றவருக்கு இல்லை. நோயாளிகளை மூத்த மருத்துவர்கள் பார்த்துக்கொள்ள, இவர்கள் சிறிது நேரம் பதாகைகளோடு நின்றுவிட்டு உள்ளே திரும்பினார்கள். பிறகு காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது.

அதே திங்களன்று, பல மாதம் கழித்துக் கூடிய நாடாளுமன்றத்தில் சட்டத்துறை அமைச்சர் தக்கியுடின் ஹசான் ஒரு குண்டைப் போட்டார்: அவசரகால ஆணைகள் ஜூலை 21-ஆம் தேதியே ரத்தாகிவிட்டன. செவ்வாயன்று ஹெய்டி குவா நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். வியாழனன்று, ரத்துக்குத் தாம் ஒப்புதல் தரவே இல்லை என்று மாமன்னரின் அரண்மனை அறிக்கை விட்டது. அந்த வாரத்தின் ஆக உரத்த எதிர்க்குரல் இஸ்தானா நெகாராவிலிருந்து வந்தது. எந்த நிலையத்திலும் அதற்கு விசாரணைக் கோப்பு திறக்கப்படவில்லை.

சனிக்கிழமை ஜூலை 31. இளைஞர்கள் நூற்றுக்கணக்கில் முகக்கவசமும் கறுப்புச் சட்டையுமாக, இடைவெளி விட்டு, டத்தாரான் மெர்டேக்காவை நோக்கி நடந்தார்கள். ‘லாவான்’ என்று பெயர். எதிர்த்து நில் என்று பொருள். அதற்கு ஒரு வாரம் முன்பே, இதற்கு ட்விட்டரில் அழைப்பு விடுத்த இருபது வயதுப் பெண் ஒருவர் தேச நிந்தனைச் சட்டத்தின் கீழ்ப் பிடிக்கப்பட்டிருந்தார். ஆகஸ்ட் 2 அன்று, நாடாளுமன்ற வளாகத்தில் தொற்று கண்டதாகச் சொல்லிக் கூட்டம் ஒத்திவைக்கப்பட, எதிர்க்கட்சித் தலைவர் அன்வாரும் முன்னாள் பிரதமர் மகாதீரும் உட்பட எதிர்க்கட்சி உறுப்பினர்கள் அதே சதுக்கத்தில் கூடினார்கள். மக்களவைக்குப் போகவிருந்த உறுப்பினர்களைக் காவல்துறை வழிமறித்தது. ஆகஸ்ட் 16 அன்று முஹிடின் பதவி விலகினார். கூட்டணிக்குள்ளேயே ஆதரவு கழன்றதுதான் உடனடிக் காரணம். கொடிகள் அரசைக் கவிழ்த்தன என்று எழுதினால் அது மிகை.

அரசு சொன்ன காரணத்தையும் கேட்டுவிட வேண்டும். கூட்டம் கூடினால் கிருமி பரவும் என்பது பொய்யில்லை. 2020 செப்டம்பர் சபா மாநிலத் தேர்தலுக்குப் பிறகு தொற்று நாடெங்கும் பாய்ந்தது. ஆனால் அந்தக் கூட்டங்களைக் கூட்டியவர்கள் அரசியல்வாதிகள். தேர்தல் மேடைக்கு அனுமதி, மருத்துவமனை வாசலுக்குத் தடை என்றால் சுகாதாரக் காரணம் தன் பலத்தைத் தானே இழந்துவிடுகிறது.

தமிழர் வாழும் மற்ற நாடுகளும் இதில் சளைக்கவில்லை. கோயம்புத்தூரில் சிம்ப்ளிசிட்டி செய்தித் தளத்தின் நிறுவனர் ஆண்ட்ரூ சாம் ராஜபாண்டியன், மருத்துவர்களுக்குச் சாப்பாடு கிடைக்காததையும் ரேஷன் முறைகேட்டையும் செய்தியாக்கியதற்காக 2020 ஏப்ரல் 23 அன்று கைதானார். சாத்தான்குளத்தில் ஜூன் மாதம் ஊரடங்கு நேரம் கடந்து கடை திறந்திருந்ததாகச் சொல்லிப் பிடிக்கப்பட்ட தந்தையும் மகனும் காவலில் அடிபட்டு இறந்தார்கள். இலங்கையில், அதிகாரிகளைக் குறைசொல்வோர் கைதாவார்கள் என்று 2020 ஏப்ரல் 1 அன்றே காவல்துறை அறிவித்தது. கோவிட்டில் இறந்த முஸ்லிம்களின் உடல்களைக் கட்டாயமாக எரித்த கொள்கைக்கு எதிராக, டிசம்பரில் கொழும்பு பொரளைக் கனத்தை மயான வேலியில் மக்கள் வெள்ளைத் துணித் துண்டுகளைக் கட்டினார்கள். அதிகாரிகள் அவிழ்த்தார்கள்; மக்கள் மறுபடி கட்டினார்கள். மலேசியாவின் வெள்ளைக் கொடிக்கு அரை ஆண்டு முந்தியது அது. 2021 பிப்ரவரியில் பொத்துவிலிலிருந்து பொலிகண்டி வரை தமிழரும் முஸ்லிம்களும் நடந்தார்கள், நீதிமன்றத் தடைகளைத் தாண்டி. அந்த மாத இறுதியில் அடக்கம் செய்ய அனுமதி வந்தது.

மலேசியாவின் பொய்ச் செய்தி ஆணை, மற்ற அவசரகால ஆணைகளோடு சேர்த்து, 2021-இன் பிற்பகுதியில் நாடாளுமன்றத்தால் ரத்து செய்யப்பட்டது. ஹெய்டி குவா விடாமல் வழக்காடினார். 233-ஆம் பிரிவில் ‘புண்படுத்தும்’, ‘எரிச்சலூட்டும்’ என்ற சொற்கள் அரசமைப்புக்கு முரணானவை என்று 2025 ஆகஸ்ட் 19 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசுத் தரப்பு அதை எதிர்த்துக் கூட்டரசு நீதிமன்றத்துக்குப் போனது. அதற்கு முன்பே, 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த திருத்தம் அந்தப் பிரிவின் உச்ச அபராதத்தை 50,000-லிருந்து 500,000 ரிங்கிட்டாக உயர்த்தியிருந்தது.

யோங் பெங்குக்குத் தன் கருத்தைச் சட்டப்படி சொல்லும் வாய்ப்பு 2022 மார்ச் 12 அன்று வந்தது, ஜொகூர் சட்டமன்றத் தேர்தல். பதினெட்டு வயதானவர்கள் தாமாகவே வாக்காளராகி ஓட்டுப் போட்ட முதல் ஜொகூர்த் தேர்தல் அது. சிங்கப்பூரில் வேலை செய்யும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு எல்லை இன்னும் முழுதாகத் திறந்திருக்கவில்லை. வாக்களித்தவர்கள் 55 விழுக்காட்டை எட்டவில்லை. முஹிடினின் பெரிக்காத்தான் நேஷனலுக்கு 56 இடங்களில் மூன்று. பாரிசான் நேஷனலுக்கு 40. யோங் பெங்கை ஜனநாயகச் செயல் கட்சியிடமிருந்து மலேசிய சீனர் சங்கத்தின் லிங் தியான் சூன் பறித்தார். மாநில ஆட்சிக்குழுவில் அவரிடம் கொடுக்கப்பட்ட துறை சுகாதாரம்.